ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதுக்குப் பிறகும் தொடர் கவனிப்பு தேவையா?

6 ஜனவரி 2024 (வாசகர் ஒருவரின் கேள்வி)

என் மகனுக்குப் பதினேழு வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். பேச்சுப் பயிற்சி, அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஓ.டி., சிறப்புப் பள்ளி என்று பதினான்கு ஆண்டுகள் அலைந்துவிட்டோம். இனி மாறப்போவது ஒன்றுமில்லை, ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவரிடம் காட்டி மாத்திரைச் சீட்டைப் புதுப்பித்துக்கொண்டால் போதும் என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

7 ஜனவரி 2024 (மற்றொரு வாசகரின் பதில்; பின்வரும் குறிப்புகளும் அவருடையவை)

மறுக்கிறேன். என் மகனுக்குப் பதினெட்டு வயது நிறைந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. அவனுக்குப் பேச்சு மிகக் குறைவு. வேண்டியதைப் பட அட்டையைக் காட்டிக் கேட்பான். நீங்கள் சொல்கிற ஏற்பாட்டில்தான் நாங்களும் பல காலம் இருந்தோம்.

2019ஆம் ஆண்டு ஜூன் மாதம், பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில், அவன் தன் வலது கன்னத்திலும் காதோரத்திலும் உள்ளங்கையால் ஓங்கி அறைந்துகொள்ளத் தொடங்கினான். மனநல மருத்துவர், மூர்க்கத்தைத் தணிக்கக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் மாத்திரையின் அளவைக் கூட்டினார். குழந்தை மருத்துவரிடம் போனோம். இதை மனநல மருத்துவர்தான் பார்க்க வேண்டும் என்றார். தெரபிஸ்ட், மாத்திரையின் அளவு ஒரு நிலைக்கு வந்த பிறகு அழைத்து வாருங்கள் என்றார். ஒவ்வொருவரும் தம் அளவில் சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கவே இல்லை. நான்கு மாதங்களில் மாத்திரை இரண்டு முறை கூடியது, அவன் எடை 46 கிலோவிலிருந்து 55 கிலோ ஆயிற்று, அறைவது மட்டும் நிற்கவில்லை. இரவில் அவனுடைய கைகளைத் தன் மடியில் பிடித்து வைத்துக்கொண்டு என் மனைவி சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாள்.

அக்டோபரில் ஒரு நாள் சாப்பிடும்போது, அப்போது ஒன்பது வயதாயிருந்த என் மகள், "அப்பா, அண்ணன் ஒரு பக்கமாவே மெல்லுறான்" என்றாள். வலது கீழ்க் கடைவாய்ப் பல் வேர் வரை சொத்தையாகியிருந்தது.

ஆண்டுக்கு ஒரு முறை போதும் என்று எவர் சொன்னாலும் எனக்கு அந்த நான்கு மாதங்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

10 ஜனவரி 2024

பல்லை எடுத்த பிறகு அறைவது நின்றதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் நின்றது. ஆனால் கூட்டிய மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்க மேலும் எட்டு மாதங்கள் ஆயின. கூட்டச் சொன்ன மருத்துவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் பழைய சீட்டில் இருந்த அளவையே திரும்ப எழுதிக் கொடுத்தார். பல் கதை அவருக்குத் தெரியாது, நாங்களும் அதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை.

இந்த மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆட்டிசத்தோடு சேர்ந்து வரும் எரிச்சலுக்கும் மூர்க்கத்துக்கும் என்று ஒப்புதல் கொடுத்த மருந்துகள் இரண்டே: 2006இல் ரிஸ்பெரிடோன், 2009இல் அரிப்பிப்ரசோல். இரண்டும் ஆட்டிசத்தின் அடிப்படைத் தன்மைகளை மாற்றுவதற்காகக் கொடுக்கப்படுபவை அல்ல. தேவைப்படும் பிள்ளைகளுக்கு அவை பெரிய உதவி. என் மகனுக்கே பின்னாளில் குறைந்த அளவில் உதவியிருக்கிறது. ஆனால் சாப்பிடும் காலம் முழுவதும் எடை, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை இடைவெளி விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சீட்டை மட்டும் புதுப்பிக்கிற ஏற்பாட்டில் இது நடப்பதில்லை. எங்கள் வீட்டில் முதல் இரண்டு ஆண்டுகள் நடக்கவில்லை.

21 ஜனவரி 2024

பல் எடுத்தது பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்காக எழுதுகிறேன், ஏனெனில் ஒருங்கிணைந்த கவனிப்பு என்றால் என்ன என்பதை நான் கண்ணால் கண்டது அன்றுதான்.

உள்ளூரில் எவரும் அவன் வாயைத் திறக்க வைக்க முடியவில்லை. தொலைவிலுள்ள ஒரு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முழு மயக்கம் கொடுத்துச் செய்யலாம் என்றார்கள். அங்கே முதுநிலை படித்துக்கொண்டிருந்த ஒரு மருத்துவர் எங்களிடம், "மயக்கத்துல இருக்கும்போது வேற என்னென்ன செய்யணும்னு ஒரு பட்டியல் போட்டுக் குடுங்க" என்றார். அப்படி ஒன்றை யாரும் எங்களிடம் கேட்டதே இல்லை. அன்று காலை ஒரே மயக்கத்தில் சொத்தைப் பல் எடுக்கப்பட்டது, வேறு மூன்று பற்கள் அடைக்கப்பட்டன, காது மருத்துவர் வந்து இரண்டு காதிலும் கல்லாக இறுகியிருந்த அழுக்கை எடுத்தார், சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் தைராய்டுக்கும் இரத்தம் எடுக்கப்பட்டது. கால் நகங்களை என் மனைவி வெட்ட அனுமதித்தார்கள். ஊசியைக் கண்டால் நான்கு பேர் பிடித்தாலும் நிற்காத பிள்ளைக்கு, ஐந்து ஆண்டுகளாகத் தள்ளிப்போன எல்லாம் இரண்டு மணி நேரத்தில் முடிந்தன. மயக்க மருத்துவர் அவன் சாப்பிடும் மாத்திரைகளின் முழுப் பட்டியலை முதல் நாளே வாங்கிக்கொண்டார். எல்லா மாத்திரைகளையும் ஒரே தாளில் நான் எழுதிப் பார்த்ததும் அதுவே முதல் முறை.

22 ஜனவரி 2024

மேலே எழுதியதைப் படித்தபோது 7ஆம் தேதிக் குறிப்பில் ஒரு குறை தெரிந்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கவில்லை என்று மருத்துவர்களைச் சொன்னேன். அந்தக் காகிதங்கள் அத்தனையும் என் பையில்தான் இருந்தன. மனநலப் பிரிவுச் சீட்டைக் குழந்தை மருத்துவரிடம் நான் நீட்டவே இல்லை. அவர் கேட்டால் கொடுக்கலாம் என்று காத்திருந்தேன்.

4 பிப்ரவரி 2024

மருத்துவர்களிடம் காட்ட மகனைப் பற்றி நாங்கள் எழுதி வைத்திருக்கும் ஒரு பக்கத் தாளில் என்னென்ன இருக்கின்றன என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் தாளில் முதல் வரி அவன் பெயர் அல்ல. அவனுக்கு வலித்தால் எப்படித் தெரியும் என்பது. "பல், காது வலித்தால் அந்தப் பக்கத்தை அறைவான், வயிறு வலித்தால் கட்டில் விளிம்பில் குப்புறப் படுப்பான், காய்ச்சல் வந்தால் வழக்கத்துக்கு மாறாக அமைதியாகிவிடுவான்" என்று எழுதியிருக்கிறோம். அடுத்து மாத்திரைகள், அவற்றின் அளவு, எப்போது யார் மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள். அதன் பிறகு மலச்சிக்கல் உண்டா, எத்தனை மணி நேரம் தூங்குகிறான், எடை எவ்வளவு. எந்தச் சத்தம் ஆகாது, எதைக் கையில் கொடுத்தால் உட்காருவான் என்பது அடுத்த வரி. எங்களுக்கு அது ஒரு மீட்டர் அளவு நாடா. கடைசி வரியைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அரசுச் சான்றிதழுக்காக, ஆட்டிசத்தின் தீவிரத்தை அளக்கும் இஸா (ISAA) அளவுகோலில் மதிப்பெண் போட்டிருப்பார்களே, அது போதாதா என்று ஒருவர் கேட்டார். அதில் 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை. தீவிரத்தை அளந்து சான்று தருவதற்கு அது தேவை, மாற்றுத்திறனாளி அட்டை இல்லாமல் எந்த உதவியும் நகராது. ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு அடுத்த மாதம் என்ன செய்வது என்று எவராலும் சொல்ல முடியாது. அந்த நாற்பதில் ஒன்றுகூடப் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரைப் பற்றியது அல்ல.

18 பிப்ரவரி 2024

பதின்மூன்று வயது மகளை வைத்திருக்கும் தாய் ஒருவர், பெண் பிள்ளைகளைப் பற்றி ஏன் எவரும் எழுதுவதில்லை என்று கேட்டிருந்தார். நான் பதில் சொல்லத் தகுதியானவன் அல்லன். என் மனைவி சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

"என் தோழியின் மகளுக்குப் பதினைந்து வயது. பூப்பெய்துவதற்கு ஆறேழு மாதம் முன்பே நாப்கினை வெறுமனே வைத்துப் பழக்கினார்கள்; முதலில் ஐந்து நிமிடம், பிறகு அரை மணி, பிறகு ஒரு பகல். மாற்றுவதைப் படமாக வரைந்து குளியலறைக் கதவில் ஒட்டினார்கள். இரத்தத்தைப் பார்த்துப் பயப்படாமல் இருக்கச் சிவப்புச் சாயம் தொட்டுக் காட்டினார்கள். அந்தப் பெண்ணுக்கு வலிப்பும் உண்டு. மாதவிலக்குத் தேதியையும் வலிப்பு வந்த தேதியையும் ஒரே நாட்காட்டியில் குறித்து வைத்தபோதுதான், வலிப்பு எப்போதும் அதற்கு முந்தைய இரண்டு நாளில் வருவது தெரிந்தது. அந்த நாட்காட்டியை நரம்பியல் மருத்துவர் வாங்கி ஒளிப்படம் எடுத்துக்கொண்டார். கருப்பையை எடுத்துவிடலாமா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். மகளிர் மருத்துவரிடம் நேராகப் பேசுங்கள்."

3 மார்ச் 2024

கடைசி வரியைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

2022ஆம் ஆண்டு, அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மகனின் எடையைக் குறித்துக்கொண்டிருந்த செவிலியர், என் மனைவியின் கையைப் பிடித்து நகங்களைப் பார்த்தார், பிறகு கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "உங்களுக்கு ரத்தம் பாத்து எவ்வளவு நாளாச்சும்மா?" என்று கேட்டார். அன்றே பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 7.2தான் இருந்தது. ஒன்றரை ஆண்டாக அதிக உதிரப்போக்கு இருந்திருக்கிறது. அவள் என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் மருத்துவமனையில் சேரச் சொல்வார்கள், சேர்ந்தால் அவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்திருக்கிறாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவள் முகம் வெளுத்ததை நான் பார்க்காமல் இருந்ததை இன்னும் என்னால் கடக்க முடியவில்லை.

அந்தச் செவிலியர் அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் தொலைபேசியில் அழைப்பார். ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசியதில்லை. தூக்கம் எப்படி, சாப்பாடும் மலம் கழிப்பதும் எப்படி, மாத்திரை தவறியதா என்று மூன்று கேள்விகள், நான்காவதாக, "நீங்க எப்படி இருக்கீங்க?" இவற்றில் ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் எந்தக் கிழமை வரவேண்டும், எந்த அறைக்குப் போகவேண்டும் என்று அவரே சொல்லிவிடுவார். 2022 ஆகஸ்டிலிருந்து 2023 ஜூன் வரை பதினொரு அழைப்புகள். அந்தக் காலத்தில் ஒரு முறைகூட நாங்கள் அவசரமாக ஓடவில்லை.

எங்கள் தாளின் கடைசி வரி அவரால் வந்தது: "அம்மாவின் உடல்நிலை."

5 மார்ச் 2024

இப்போது அவர் அழைப்பதில்லையா என்று கேட்கிறீர்கள். 2023 ஜூலையில் அவருக்குப் பணியிட மாற்றம் வந்தது. அழைப்பது அவருடைய வேலையாக எந்தப் பதிவேட்டிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. அவர் தம் சொந்தக் கைப்பேசியிலிருந்து அழைத்திருக்கிறார். ஆகவே அவருக்குப் பின் வந்தவர்களுக்கு அப்படி ஒரு வேலை இருந்ததே தெரியாது. நல்ல மனம் உள்ள ஒருவரை நம்பி நாங்கள் ஓராண்டு நிம்மதியாக இருந்தோம். அதை ஒரு பணியாக, இன்னாருடைய பொறுப்பு என்று எழுதி வைக்க வேண்டும் என்பதுதான் நான் அதிகாரிகளிடம் கேட்பது. புதுக் கட்டடமோ புது இயந்திரமோ கேட்கவில்லை. ஒரு பெயர்ப் பட்டியல், ஒரு தொலைபேசி, வாரத்தில் ஒரு முற்பகல்.

2 ஏப்ரல் 2024

இன்று ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் என்பதால் கட்டடங்களில் நீல விளக்கு போடுவார்கள். நான் லியோ கானரைப் பற்றி எழுதுகிறேன். 1943இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் 1971இல், இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, அதே பதினொரு பேரும் என்ன ஆனார்கள் என்று தேடிப்போய் எழுதினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பெரிய காப்பகங்களில் சேர்க்கப்பட்டவர்கள் இருந்த திறமைகளையும் இழந்து ஒடுங்கிப்போயிருந்தார்கள். அவர் பட்டியலில் முதலாவதாக இருந்த டொனால்ட் டிரிப்லெட், சிறுவனாக இருந்தபோது மிசிசிப்பியில் ஒரு விவசாயத் தம்பதியின் பண்ணையில் தங்க வைக்கப்பட்டார். எதையும் அளந்துகொண்டே இருந்த சிறுவனைக் கிணறு தோண்டவிட்டு அதன் ஆழத்தைச் சொல்லச் செய்தார்கள். சோள வரிசைகளை ஓயாமல் எண்ணியவனை, உழுதுகொண்டே எண்ணச் செய்தார்கள். அவர் பின்னாளில் கல்லூரி முடித்து, ஊர் வங்கியில் வேலை பார்த்து, கார் ஓட்டி, கோல்ஃப் ஆடி, 2023 ஜூனில் 89 வயதில் இறந்தார்.

எல்லாப் பிள்ளைகளும் டொனால்ட் போல ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் குடும்பம் வசதியானது, அவருக்குப் பேச்சும் இருந்தது. கானர் திரும்பிப் போய்ப் பார்த்ததால்தான், இரண்டு வகைக் கவனிப்புக்கும் இடையே என்ன வேறுபாடு என்று நமக்குத் தெரிகிறது என்பதைச் சொல்ல வந்தேன்.

டொனால்டின் தந்தை, மகனைக் கானரிடம் அழைத்துப் போகும் முன் 33 பக்கத்துக்குத் தட்டச்சு செய்து அவனைப் பற்றி எழுதி அனுப்பினாராம். எங்கள் ஒரு பக்கத் தாளை மடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தந்தையின் நினைவு வரும்.

21 ஏப்ரல் 2024

பாதுகாவலர் சான்று பற்றி. பதினெட்டு வயது நிறைந்ததும் பெற்றோர் சட்டப்படி தாமாகவே பாதுகாவலராகத் தொடர்வதில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். நியமனமான 6 மாதத்துக்குள் அவனுடைய சொத்து விவரத்தைக் கொடுக்க வேண்டும், பிறகு ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். நாங்கள் பிப்ரவரியில் விண்ணப்பித்தோம். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டதால் குழுக் கூட்டம் ஜூனுக்குப் பிறகுதான் என்றார்கள். வாக்குப்பதிவு நேற்று முன்தினம்தான் முடிந்தது, எண்ணிக்கை ஜூன் 4. பிள்ளைக்குப் பதினேழரை வயதாகும்போதே காகிதங்களைத் திரட்டத் தொடங்குங்கள்.

26 மே 2024

என் மனைவிக்குக் கருப்பைக் கட்டிக்கான அறுவை சிகிச்சை இம்மாதம் 14ஆம் தேதி நடந்தது. 2022இலேயே செய்யச் சொன்னது. அவனைச் சில நாள் விட்டுவைக்கிற தங்கல் மையம் எங்கள் மாவட்டத்தில் கிடைக்கவில்லை. அதனால் ஜனவரியிலிருந்தே அவனைச் சித்தி வீட்டில் பழக்கினோம்: முதலில் ஒரு பகல், அடுத்து ஓர் இரவு, மார்ச்சில் இரண்டு இரவுகள். அவன் தலையணையும் தட்டும் அளவு நாடாவும் கூடவே போயின. சிகிச்சை நடந்த எட்டு நாட்களில் அவனுக்கு இரண்டு இரவுகள் மட்டும் தூக்கம் கெட்டது. சித்தி வீட்டுக் கூடத்தின் நீள அகலத்தை அவன் அளந்து முடித்துவிட்டான் என்று தொலைபேசியில் சொன்னபோது, தையல் வலியோடு என் மனைவி சிரித்தாள்.

16 ஜூன் 2024

ஆட்டிசம் உள்ள இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் எழுதியிருக்கிறார்: இந்த இழை முழுவதும் பெற்றோர் பேசுகிறார்கள், பாதுகாவலர் சான்று என்பது ஒருவனுடைய முடிவுகளை வேறொருவர் கையில் கொடுப்பது, தம்மிடம் எந்த மருத்துவரும் நேராகக் கேள்வி கேட்டதே இல்லை என்று. இரண்டு நாட்களாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் சொல்வது சரி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பாதுகாவலரும் அந்த நபரும் கலந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறையைத்தான் சொல்கிறது. நான் சான்றை ஒரு வங்கிக் காகிதமாகவே பார்த்துவிட்டேன்.

என் மகன் சில மாதங்களாக இரவு மாத்திரைக்கு "வேண்டாம்" அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தான். அடம் என்று நினைத்து வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தோம். இவர் எழுதியதைப் படித்த பிறகு, அந்த மாத்திரையை என் நாக்கில் வைத்துப் பார்த்தேன். தாங்க முடியாத கசப்பு. மருத்துவரிடம் கேட்டு அதே மருந்தை நீர்ம வடிவில் வாங்கினோம். இப்போது அவனே மூடியில் ஊற்றிக் குடிக்கிறான்.

11 ஆகஸ்ட் 2024

இரண்டு திருத்தங்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் என்று தனிச் செய்தியில் சிலருக்கு எழுதியிருந்தேன். மொத்த வரம்பு அதுதான். ஆனால் வெளிநோயாளிச் செலவு, தெரபி என்று ஒவ்வொன்றுக்கும் உள்வரம்பு உண்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்.

அரசு எதுவுமே செய்யவில்லை என்கிற தொனி என் மார்ச் குறிப்பில் வந்துவிட்டது. உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு அரசு மாற்றுத்திறனாளிகளுக்காக நடத்தும் உரிமைகள் திட்டத்தில் "விழுதுகள்" மையங்கள் திறக்கப்படுகின்றன; பல வகைத் தெரபியும் ஒரே இடத்தில் கிடைப்பது அதன் நோக்கம். கணக்கெடுக்க ஒரு முன்களப் பணியாளர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். அவரிடம் எங்கள் தாளைக் காட்டினேன். நின்றபடியே முழுவதும் படித்தார். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கண்டறிந்து உதவும் மாவட்டத் தொடக்க இடையீட்டு மையங்களும் நல்ல வேலை செய்கின்றன, ஆனால் அந்த மையங்களின் வயது வரம்பு 18. இலவசக் கல்வி உரிமையும் 6 முதல் 18 வயது வரைதான். எல்லாக் கதவும் ஒரே பிறந்தநாளில் மூடுகின்றன.

10 நவம்பர் 2024

இந்த இழையைத் தொடங்கியவருக்கு. உங்கள் மகனுக்குச் சென்ற மாதம் முதல் முறையாக வலிப்பு வந்தது என்று படித்தேன். நீங்கள் எதையும் தவறவிட்டதால் வந்தது அல்ல. ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் குழந்தைப் பருவத்தைப் போலவே பதின்பருவத்திலும் வலிப்பு புதிதாகத் தொடங்குவது உண்டு. மறுபடி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108ஐ அழையுங்கள். வேறு ஒருவர் கைப்பேசியில் படம் பிடிக்கட்டும். அவன் இப்போது சாப்பிடும் மனநல மாத்திரைகளை நரம்பியல் மருத்துவர் கட்டாயம் பார்க்க வேண்டும்; அவர் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே எடுத்து வையுங்கள்.

நீங்கள் எழுதி அனுப்பிய ஒரு பக்கத் தாளைப் படித்தேன். வலி தெரியும் விதத்தை நன்றாக எழுதியிருக்கிறீர்கள். மாத்திரைகளுக்கு எதிரே தேதி இல்லை, அதைச் சேருங்கள். கடைசி வரியைக் காலியாக விட்டிருக்கிறீர்கள். வியாழக்கிழமை ஓ.பி.க்குக் கிளம்பும் முன் உங்கள் மனைவியிடம் கேட்டு நிரப்புங்கள்.